எந்தக் கிண்ணம்

குழந்தையின் உதட்டோரம் பழுப்பாக ஏதோ மினுங்குவதைக் கண்டதும் ஒஸ்னாத்துக்குப் பகீரென்றது. யூதப் புத்தாண்டு விருந்துக்கு மெழுகுவத்தி ஏற்றியிருந்தார்கள். மாமனார் நயீமின் மடியில் எட்டு மாத அலுமா சப்புக்கொட்டிக்கொண்டிருந்தாள்.

"மாமா, பாப்பாவுக்கு என்ன குடுத்தீங்க?"

"தேன்தாம்மா. வருஷம் தித்திப்பா இருக்கட்டும்னு ஒரு சொட்டு தொட்டு வச்சேன்."

"எந்தத் தேன்?"

பாக்தாத்திலிருந்து வந்த அந்தக் குடும்பத்தில் பேரீச்சம்பழத்தை வேகவைத்துப் பிழிந்து காய்ச்சும் பாகுக்கும் தேன் என்றுதான் பெயர். மேசையில் ஒரு கிண்ணத்தில் அந்தப் பாகு; இன்னொரு கிண்ணத்தில் இருந்தது ஒஸ்னாத்தின் அம்மா கொடுத்தனுப்பிய, பாகைப் போலவே கறுத்த தேனீத் தேன். ஒரு வயதாகும்வரை அது குழந்தையின் நாக்கில் படவே கூடாது, அதிலிருக்கும் கிருமி குழந்தையின் தசைகளை முடக்கிவிடலாம் என்று தாதி எச்சரித்திருந்தாள். ஏன்தான் அதை மேசையில் வைத்தோமோ என்றிருந்தது.

"நான் காய்ச்சுனதுதான்." நயீமின் முகம் சுருங்கிவிட்டது. "இவ அப்பனும் இதத் தின்னுதான் வளந்தான். ஒட்டகம் மாதிரி நிக்கலையா?"

அவள் கணவன் ஏயால் சிரித்தான். "விடு ஒஸ்னாத். அப்பா காய்ச்சுனதுன்னா கரிஞ்ச பாத்திரத்தத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகணும்."

அவளும் சிரித்தாள். ஆனால் தட்டிலிருந்த மீனை ஒதுக்கிவைத்தாள். தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனபோது நயீம் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினார்.

"எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. எதுல தொட்டேன்னு சத்தியமா தெரியலம்மா. உன் மூஞ்சியப் பாத்ததும் பயந்துபோய் அப்படிச் சொல்லிட்டேன்."

அவர் இதைச் சொல்லாமலே மறைத்திருக்கலாம். கத்த வாய் திறந்தவள், அவருடைய தாடை நடுங்குவதைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, ஆனாலும் சில வாரம் கவனியுங்கள் என்றார் மருத்துவர். மலம் கட்டினாலோ, இமை தொங்கினாலோ, அழுகை மெலிந்தாலோ உடனே தூக்கிக்கொண்டு வரவேண்டும்.

மறுநாள் காலை ஏயால் மட்டும் ஜெபக்கூடத்துக்குப் போனான். நயீம் தொட்டிலை விட்டு நகரவில்லை. தெருக்கோடி ஜெபக்கூடத்தில் புத்தாண்டுக் கொம்பு ஊதும் ஓசை எழுந்ததும் அலுமா விழித்து அழத் தொடங்கினாள். ஒஸ்னாத் ஓடிவந்து கைகளை நீட்டினாள்.

"கொஞ்சம் இரும்மா," என்றார் நயீம். "நேத்து மாதிரியேதான அழுவுறா?"

நீட்டிய கைகள் அப்படியே நின்றன. தொட்டிலின் இரு பக்கமும் இருவரும் குனிந்து, மூச்சை அடக்கி, அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.