ஈசான்ய மூலை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றப் போன மணிமேகலை, கையில் தீப்பெட்டியோடு பூஜையறையிலிருந்து அப்படியே பின்வாங்கினாள். காலையில் போட்ட கோலம் கரைந்து தரையில் ஓடியிருந்தது.

"ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க."

ரெங்கராஜ் எட்டிப் பார்ப்பதற்கு முன்பே வாடை விஷயத்தைச் சொல்லிவிட்டது. முருகன் படத்தின் அடிச்சட்டம்கூட நனைந்திருந்தது. அடுத்த அறைக்குப் போனான். அவனுடைய அப்பா ஆண்டி, ஈர வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சேம்பா. பழைய ஞாபகத்துல கதவத் தொறந்துட்டேன்."

"சாமி இருக்கற எடம்னு தெரியாதா? நீங்க என்ன மாடா?"

சொன்ன வார்த்தை அவன் காதிலேயே திரும்ப விழுந்தது.  துறையூர்ப் பக்கத்தில் ஆயுள் முழுக்க மாடு வைத்துப் பிழைத்தவர் ஆண்டி. தலையை மட்டும் மெல்ல ஆட்டினார், கேட்டது நியாயமான கேள்விதான் என்பதுபோல.

"தை மாசம் வரைக்கும் அது பாத்ரூம்தானேப்பா? அதுக்குப் போய் தாத்தாவ இப்படித் திட்டற?" என்றாள் வாசலில் நின்ற மகள் ரஞ்சனி.

"நீ போய்ப் படி."

ரஞ்சனி சொன்னதில் பொய்யில்லை. தன் அம்மா இறந்த பிறகு அப்பாவை எடமலைப்பட்டி புதூருக்கு அழைத்து வந்தபோது, ரெங்கராஜ் யோசித்துத்தான் கீழ் அறையைக் கொடுத்தான். கட்டிலை விட்டு இறங்கினால் கழிவறை. மூட்டு தேய்ந்த மனிதருக்கு வேறென்ன வேண்டும்? பிறகு கடையில் வியாபாரம் படுத்தது. மதுரை ரோட்டில் மோட்டார் பம்ப் சாமான் விற்கும் கடை. ஆட்கள் வருவார்கள், விலை கேட்பார்கள், போனில் ஆன்லைன் விலையைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். யாரோ சொல்லி, ஸ்ரீரங்கத்திலிருந்து வாஸ்து பார்க்கும் பீமராவ் வந்தார். திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தவர் கழிவறை வாசலில் நின்றார்.

"ஈசான்ய மூலை ஈஸ்வரன் உக்கார்ற எடம். அங்க கக்கூஸக் கட்டி வச்சிண்டு, லக்ஷ்மி வரலேன்னா எப்படி வருவா?"

அவரைக் குற்றம் சொல்லி என்ன? அவர் தன் தொழிலைச் செய்தார். கழிவறை பூஜையறையானது. ரஞ்சனியின் அறையில் தெற்கு ஜன்னலை அடைத்தார்கள். அவள் பகலிலும் டியூப்லைட் போட்டுப் படித்து, தலைவலி என்று நெற்றியில் தைலம் தடவிக்கொண்டாள். இனி கழிவறை மாடியில் மட்டும்தான்.  "சாமிக்குத்தானேப்பா" என்றார் ஆண்டி. கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து நின்று, மூச்சு வாங்கி, ஏறினார். கடை வியாபாரம் மட்டும் படுத்தது படுத்தபடியே கிடந்தது.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு ஆண்டி தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். அதை யாரும் கவனிக்கவில்லை. சித்திரை வெயிலில் வீடே அடுப்பு மாதிரி இருந்தது. மணிமேகலை மோர் கொண்டு போனால், "அப்பறம் குடிக்கிறேம்மா, வச்சிட்டுப் போ" என்பார். சொம்பு அப்படியே இருக்கும். பெரியவருக்குப் பசி மந்தம் என்று நினைத்தார்கள். அப்பா முன்பு போல அடிக்கடி மாடிக்கு வருவதில்லை என்பது ரெங்கராஜுக்குத் தெரிந்தது. உடம்பு தேவலையாகிவிட்டது என்று அதற்கு அவன் அர்த்தம் செய்துகொண்டான்.

ஒரு நாள் காலையில் பல் துலக்கப் போன ஆண்டி படிக்கட்டின் அடியிலேயே சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வஹீதா அவருடைய தோலைக் கிள்ளிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். பிறகு ரெங்கராஜைத் தனியாகக் கூப்பிட்டார்.

"சிறுநீரகம் ரொம்ப அடிபட்டிருக்கு. தண்ணியே குடிக்கல போலிருக்கே. வீட்ல பாத்ரூம் எங்க இருக்கு?"

"மாடில, டாக்டர்."

"இவர் எங்க படுக்கறார்?"

"கீழ."

டாக்டர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ரெங்கராஜுக்குத் தோன்றியது. திட்டியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் வார்டுக்குத் திரும்பி, சொட்டுச் சொட்டாக இறங்கும் குளுக்கோஸையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அந்தத் தண்ணீரை அப்பா தானாக வேண்டாம் என்று சொன்னாரா, தான்தான் அவர் வாயைக் கட்டினோமா? தெரிந்த பதிலையே சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏம்பா தண்ணி குடிக்கல?"

"குடிச்சா ஏறணுமே" என்றார் ஆண்டி. யாரிடமும் குறைப்படுகிற குரல் இல்லை அது.

அன்று மதியமே கொத்தனார் அழகர்சாமியை வரவழைத்தான்.

"என்னண்ணே, மறுபடியும் ஒடைக்கறதா? நாலு மாசத்துல வாஸ்து மாறிருச்சா?"

"ஒடைப்பா. பேசாம ஒடை."

பீமராவ் போனில் பதறினார். "செவ்வாக்கிழமை கைய வைக்காதீங்கோ. சாமியக் கெளப்பிட்டு அங்க போய்... குடும்பத்துக்கு ஆகாது." ரெங்கராஜ் போனை அணைத்தான். மணிமேகலைக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனாலும் படங்களை ஒவ்வொன்றாகத் துடைத்து, ஹால் அலமாரியில் அவளே கொண்டுபோய் வைத்தாள்.

வழுக்காத ஓடு பதித்தார்கள். உட்கார்ந்து எழ வசதியான கழிவறைக் கோப்பை, சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி, இரவில் எரிய ஒரு சின்ன விளக்கு. கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று ரெங்கராஜ் தானே உட்கார்ந்து, எழுந்து, அளந்து சொன்னான். அந்த ஒரு வாரமும் அவன் கடையைச் சரியாகத் திறக்கவில்லை.

ஆண்டி ஆட்டோவில் வந்து இறங்கினார். பாதியாக இளைத்திருந்தார். ரெங்கராஜ் அவர் கையைப் பிடித்து, செருப்போடேயே நேராக அங்கேதான் கூட்டிப்போனான்.

"இனிமே மாடி ஏறவே வேண்டாம்ப்பா. இங்க பாருங்க."

அவர் பார்த்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றினார். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார்.

"என்னப்பா இது? சாமி இங்க இல்ல. ஹாலுக்கு மாத்தியாச்சு."

"இருந்த எடம்தானே."

"அதுக்கு முன்னாடி பாத்ரூமாத்தானேப்பா இருந்துச்சு. நீங்களே போயிட்டு இருந்தீங்களே."

"அப்ப எனக்குத் தெரியாது" என்றார் ஆண்டி. "ஒரு தடவ தெரியாமப் பண்ணிட்டேன். இப்பத் தெரிஞ்சே பண்ணச் சொல்றியே, சாமி."

மகனை அவர் சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவார். ரெங்கராஜ் அவர் கூப்பிய கையைப் பிடித்து இறக்கினான்.

"நான் சொன்னதெல்லாம் தப்புப்பா. கோவத்துல சொன்னேன்."

"நீ சரியாத்தான் சொன்னே."

"இதுல ஒண்ணும் இல்லப்பா. நான் போறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டு ரெங்கராஜ் உள்ளே நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டான். சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பதற்கு முன் தான் ஒரு வாய் குடித்துக் காட்டுவதுபோல இருந்தது அவனுக்கு. குழாயைத் திறந்துவிட்டான், வெளியே கேட்கட்டும் என்று. புது ஓடுகள் பளபளத்தன. சிமெண்ட் வாசனை இன்னும் போகவில்லை.

"பாத்தீங்களா, ஒண்ணும் ஆகல" என்று உள்ளிருந்தே சொன்னான்.

 குழாயை மூடினான். வெளியே மாடிப்படியில், ஒரு காலை வைத்து மறு காலை அதன் பக்கத்தில் இழுத்துச் சேர்க்கும் சத்தம். நின்று மூச்சு வாங்கும் சத்தம். பிறகு அடுத்த படி.