நாவல் மரத்தின் இடுப்பளவு

ஆசிஃப் அளக்காமலே எண்களை இட்டுக்கட்டி எழுதுகிறார் என்று நான் மெயில் அனுப்பியது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு. அனுப்பிய கையோடு போய் நிம்மதியாக ஒரு காபி குடித்தேன். அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது எனக்கு என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

எங்கள் அமைப்பு சின்னது. தரமணியில் ஒரு மாடி, எட்டுப் பேர். அடையாறில் ஒரு பழைய வளாகத்துக்குள் முப்பது ஏக்கர் காடு மிச்சமிருக்கிறது. யாரும் நட்ட காடு இல்லை, ஊருக்கு முன்னாலேயே இருந்த காடு. வெயில் வருஷா வருஷம் ஏறுகிறது, மழை நினைத்தால் வருகிறது, நினைத்தால் ஏமாற்றுகிறது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு எந்த மரம் வளர்கிறது, எது திணறுகிறது என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை. தாங்குகிற மரத்திலிருந்து விதை எடுத்து, கன்றாக்கி, அடுத்த மழைக்கு ஆற்றங்கரையில் நட வேண்டும். இருபதாயிரம் கன்று. மரத்தைத் தப்பாகத் தேர்ந்தெடுத்தால் இருபதாயிரமும் விறகு.

அறுபது மரங்களுக்கு இடுப்பைச் சுற்றி மெல்லிய எஃகுத் தகடு மாட்டியிருக்கிறோம். தகட்டின் இரண்டு முனைகளையும் ஒரு ஸ்பிரிங் இழுத்துப் பிடித்திருக்கும். நடுவில் சின்னதாக ஒரு ஜன்னல். மரம் பருத்தால் ஜன்னல் அகலும். அந்த அகலத்தை டிஜிட்டல் காலிப்பர் வைத்து மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை அளந்து, வாரம் ஒருமுறை போன் ஆப்பில் ஏற்ற வேண்டும். ஆசிஃப் இந்தத் தகட்டுக்கு ஒட்டியாணம் என்று பேர் வைத்தார். அப்புறம் ஆபீசில் எல்லோருக்கும் அது ஒட்டியாணம்தான்.

ஆசிஃப் சைதாப்பேட்டைக்காரர். முப்பத்திரண்டு வயது. அத்தா என்று அவர் கூப்பிடும் அப்பாவின் தையல்கடையில் பத்து வருஷம் அளவெடுத்துவிட்டு எங்களிடம் வந்தவர். நான் மாளவிகா, மயிலாப்பூர். பதினொரு வருஷம் சாஃப்ட்வேர் கம்பெனியில் எண்களோடு குடித்தனம் நடத்திவிட்டு, காட்டைக் காப்பாற்றப் போகிறேன் என்று சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டு வந்தவள். மூன்று வருஷத்தில் காட்டுக்குள் போனது நாலு தடவை இருக்கும். மரங்கள் எனக்கு எக்செல் ஷீட்டில் நம்பர் போட்டுத்தான் அறிமுகம்.

அறிக்கைக்காகப் படம் போட்டபோது கண்ணில் பட்டது. ரம்ஜான் மாதம் தொடங்கிய வாரம் அறுபது மரமும் ஒரே நேரத்தில் அரை மில்லிமீட்டருக்கு மேல் பருத்திருந்தன. நாலு வாரம் அப்படியே இருந்தன. பெருநாள் முடிந்த அடுத்த வாரம் அறுபதும் சேர்ந்தாற்போல் இளைத்திருந்தன. அந்த நாலு வாரத்தில் சென்னையில் ஒரு சொட்டு மழை கிடையாது. மழையில்லாமல் எப்படிப் பருக்கும்? பருத்தது எப்படி இளைக்கும்? நானே இளைக்கவில்லை.

எனக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது, அதாவது புரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன். ஆள் நோன்பு. வெயில். நிழலில் உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணைத் தட்டிவிட்டிருக்கிறார். எங்கள் இயக்குநர் ராமானுஜம் சாருக்கு மெயில் எழுதி, மற்ற ஐந்து பேருக்கும் ஆசிஃபுக்கும் நகல் போட்டேன். ‘நோன்புக் காலத்தில் களப்பணி நடக்கவே இல்லை என்று சந்தேகிக்கிறேன். அந்த 240 அளவுகளையும் நீக்கிவிடலாம். மாதக் கடைசியில் முடிகிற ஆசிஃபின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.’ அந்த நாலு வாரத்தையும் ஷீட்டில் சிவப்பாக்கி இணைத்தும் இருந்தேன். ஒருவர் விரதம் இருந்ததையே அவர்மேல் குற்றமாக எழுதியிருக்கிறேன் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

ராமானுஜம் சார் கொல்லிமலையில் இருந்தார். சாயங்காலம் போன் செய்தார். “நீ அவனோட நேர்ல ஒரு வார்த்தை பேசினியோ?”

“இல்ல சார். நம்பர்ஸே சொல்றதே.”

“போய்ப் பேசிட்டு வா. வெள்ளிக்கிழமைக்குள்ள முடிவைச் சொல்லு. நீ என்ன சொல்றியோ அதுதான்” என்று வைத்துவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குக் காட்டுக்குப் போனேன். ஆசிஃப் காலிப்பரோடு நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக “வாங்க மேடம்” என்று பத்தடி முன்னால் வருகிற மனிதர் அன்றைக்கு நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. முப்பத்தேழாம் நம்பர் நாவல் மரத்தை நானே அளந்தேன். அவர் அந்த வாரம் ஏற்றியிருந்த எண்ணுக்கும் எனக்கு வந்ததற்கும் மயிரிழை வித்தியாசம்.

“இது சரியா இருக்கு. மார்ச் மாசம் மட்டும் எப்படி இவ்வளவு ஏறிச்சு?”

“தெர்ல மேடம். இன்னா காட்டிச்சோ அதைத்தான் போட்டேன்.”

“அறுபது மரமும் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குமா ஆசிஃப்?”

அவர் முகம் சுண்டிப்போனது. “நோன்பு வச்சிக்கினு பொய் எழுதுவேனா மேடம்? சஹர் சாப்ட்டு, ஃபஜ்ரு தொழுகை தொழுதுட்டு, பச்சத் தண்ணி பல்லுல படாம, இருட்டு பிரியறதுக்குள்ள ஓடியாந்து அளந்தேன். அதைப் போய்...” வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இருட்டு பிரியறதுக்குள்ளயா? நீங்க எப்பவும் மத்தியானம்தானே அளப்பீங்க?”

“ஆமா. காலைல கருவேலம் புடுங்கற வேலை கீது, சாப்ட்டுட்டு அளப்பேன். போன நோன்புங்கள்ல மத்தியானமே எப்படியோ சமாளிச்சேன், இந்த வருஷ வெயில்ல அறுபது மரம் சுத்த முடியல. அதான் விடிகாலைக்கு மாத்திக்கினேன்.”

“ஆப்ல நேரத்தைப் போட்டிருக்கலாமே?”

“ஆப்ல ஏது மேடம் நேரம்? தேதி மட்டும்தான கீது. மொத வருஷமே கேட்டனே. மரம் எங்க ஓடிடப் போவுது, அதுக்கு எதுக்கு மணின்னு நீங்கதான சொன்னீங்க.”

சொன்னேன்தான். சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்த ஆப்பைச் செய்தவளும் நான்தான்.

நேரத்துக்கும் மரத்தின் பருமனுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. பார்த்துவிடலாம் என்று மட்டும் முடிவு செய்தோம். மறுநாள் முதல் ரயிலைப் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது கிழக்கு லேசாக வெளுத்திருந்தது. ஆசிஃப் எனக்கு முன்னால் வந்து, நாவல் மரத்தடியில் ஒரு நோட்டும் இரண்டு தண்ணீர் பாட்டிலும் வைத்திருந்தார். ஒரு பாட்டில் எனக்கு. அவ்வளவு எழுதிய பிறகும் எனக்கு.

ஐந்து ஐம்பதுக்கு முதல் அளவு. 14.62. நேற்று மத்தியானம் நானே அளந்ததைவிட அரை மில்லிமீட்டருக்கு மேல் அதிகம். ஆசிஃப் என்னைப் பார்த்தார். நான் மறுபடி அளந்தேன். 14.62.

“வெயில்ல தகடு நீண்டு போயிருக்கும். அதனால மத்தியானம் குறைச்சலா காட்டுது” என்றேன். அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார் என்று ஒப்புக்கொள்வதைவிடத் தகட்டின்மேல் பழியைப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அவர் கையை நீட்டிக் காட்டினார். “அந்தப் பட்டுப்போன வேப்பமரம் கீதுல்ல மேடம், அதுல ஒட்டியாணம் இன்னும் கழட்டல. அதையும் கூட அளக்கலாம். தகடுதான்னா அதுலயும் குறையணும்ல?”

எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். செத்த மரத்தையும் உயிரோடிருக்கிற மரத்தையும் மணிக்கொரு தரம் அளக்க ஆரம்பித்தோம். வேம்பு 9.40.

ஏழு மணிக்கு இரண்டிலும் மாற்றம் இல்லை. எட்டு மணிக்கு நாவல் 14.60. வேம்பு 9.40. ஒன்பது மணிக்கு வெயில் உச்சிக் கிளைகளில் விழுந்து இலைகள் பளபளத்தன. நாவல் 14.47. பத்து மணிக்கு 14.31. வேம்பு நூறில் இரண்டு பங்கு மட்டும் குறைந்து 9.38.

பதினொன்றுக்கு 14.17. நான் எழுந்து போய் மரத்தில் உள்ளங்கையை வைத்தேன். சொரசொரப்பு, கொஞ்சம் குளிர்ச்சி, அவ்வளவுதான். எதுவும் அசையவில்லை. ஆனால் இரண்டு ஆள் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய அந்த மரம் என் கைக்கடியில் சுருங்கிக்கொண்டிருந்தது. தலையை அண்ணாந்து பார்த்தேன். எத்தனை ஆயிரம் இலை! ஒவ்வொன்றும் வெயிலுக்குத் தண்ணீரை விட்டுக்கொண்டிருக்கிறது. வேர் அனுப்புகிற தண்ணீர் போதாமல், மரம் தன் உடம்பில் சேர்த்து வைத்திருந்ததை எடுத்து மேலே அனுப்புகிறது. ஒரு சத்தம் இல்லை. பம்புசெட் வைத்துப் பத்து மாடிக்குத் தண்ணீர் ஏற்றினால் தெருவே அதிர்கிறது.

“நம்ம மூச்சு வாங்கற மாதிரியே கீது மேடம்” என்றார் ஆசிஃப், மெதுவாக. “மூணு வருஷமா இது இடுப்பைப் புடிச்சிக்கினு நிக்கறேன். சொல்லவே இல்ல பாருங்க.”

ஒன்றரை மணிக்கு 13.98. வேம்பு 9.36. செத்த மரம் இளைத்தது நாலு பங்கு, அது வெயிலில் தகடு நீண்டதாகவே இருக்கலாம். உயிருள்ள மரம் இளைத்தது அறுபத்துநாலு. ஆசிஃப் எழுதிய எண்களில் மார்ச் மாதம் ஏறியதும் இறங்கியதும் ஏறக்குறைய இதே அளவுதான்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்த ஒரு மரம் இல்லை. தி. நகரில் புடவைக்கடைக் கூட்டத்துக்குமேல் நிழல் பிடிக்கிற தூங்குமூஞ்சி மரங்கள், எங்கள் வீட்டு கேட் பக்கம் நான் ஸ்கூட்டர் நிறுத்துகிற பூவரசு, பெயர் தெரியாத எல்லாம், ஊர் முழுக்க, இந்த நிமிஷம் இளைத்துக்கொண்டிருக்கின்றன. முப்பத்தாறு வருஷம் இதற்கு நடுவில்தான் நடந்து, சண்டை போட்டு, ஆட்டோவுக்குப் பேரம் பேசியிருக்கிறேன். தினமும் நடந்திருக்கிறது. எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்கவும் இல்லை.

இரண்டரைக்குக் கடல் காற்று வந்தது. முதலில் உச்சிக் கிளை, அப்புறம் காடு மொத்தமும் சலசலத்தது. வெக்கை தணிந்தது. மூன்றேகாலுக்கு ஆசிஃப் காலிப்பரை வைத்தார். என்னிடம் திருப்பிக் காட்டினார். 14.03.

ஏறுகிறது. இனி இரவெல்லாம் மண்ணிலிருந்து உறிஞ்சி நிரப்பிக்கொள்ளும்.

போனில் தேடினேன். மரம் பகலில் சுருங்கும், இரவில் விரியும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் எப்போதோ கண்டுபிடித்து எழுதிவைத்திருக்கிறார்கள். இரண்டு நிமிஷத்தில் கிடைத்தது. செவ்வாய்க்கிழமை காலை அந்த இரண்டு நிமிஷம் எனக்கு இல்லாமல் போயிற்று. அதற்குக் கீழேயே இன்னொன்றும் இருந்தது. மரம் தண்ணீர் நிரம்பி முழு உடம்போடு இருக்கிற நேரம் விடியலுக்கு முன்புதான், வளர்ச்சியை ஒப்பிட அப்போது அளப்பதே நல்லது. அதாவது, மூன்று வருஷமும் என் ஷீட்டில் நல்ல பிள்ளைகளாக நின்ற மத்தியான எண்கள்தான் அன்றன்றைய வெயிலுக்கு ஏற்ப ஆடிய எண்கள். பொய் என்று நான் சிவப்படித்த நாலு வாரம்தான் மரங்களை அவற்றின் முழு அளவில் பிடித்த நாலு வாரம்.

அங்கேயே உட்கார்ந்து மெயில் எழுதினேன். செவ்வாய்க்கிழமை யார் யாருக்கு அனுப்பினேனோ அவர்கள் எல்லோருக்கும். ‘ஆசிஃபின் 240 அளவுகளும் சரி. எங்களிடம் உள்ளவற்றில் அவையே சிறந்தவை. தவறு ஆப்பில் நேரத்தைக் கேட்காத என்னுடையது. அவர் நோன்பைக் குறித்து நான் எழுதியது அநியாயம், மன்னிப்புக் கேட்கிறேன். அவர் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டும். இனி எல்லா மரங்களையும் விடியலில் அளப்போம்.’ அனுப்பிவிட்டு, “மெயில் பாருங்க ஆசிஃப்” என்றேன். வாயால் மன்னிப்புக் கேட்க முயன்றேன். “ஸாரி”க்கு மேல் வரவில்லை.

அவர் ஒவ்வொரு வரியாக, உதடு அசையப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். தலையை மட்டும் ஆட்டிவிட்டு, நாலடி தள்ளிப் போய் வீட்டில் மனைவிக்குப் போன் போட்டார்.

“ஹானி, சாப்ட்டியா?... இல்ல, ஒண்ணுமில்ல. முந்தாநாள் உங்கிட்ட சொன்னன்ல, நோன்புக் கிறக்கத்துல எனக்குக் கண்ணு மங்கிப் போயி அளவைத் தப்புத் தப்பா படிச்சிட்டேன் போலன்னு...” எனக்கு முதுகைக் காட்டி நின்றவர், மரத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். “இல்லடி. சரியாத்தான் படிச்சிருக்கேன்.”