கதவு மூடியிருக்கிறது

சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரமாகியும் என் மனைவி பக்கத்தில் ஒருத்தியும் வந்து உட்காரவில்லை. ஃபாக்டரி லைனில் அவளோடு வேலை பார்க்கும் மற்ற ஆறு பெண்களும் மேசையின் அந்தக் கோடியில் நெருக்கியடித்துக்கொண்டு சாப்பிட்டார்கள். இவள் இந்தக் கோடியில் தனியாக டப்பாவைத் திறந்தாள். எல்லாம் என்னால்தான்.

அவள் நிற்கிற பிரஸ் மெஷின் தகடு வளைப்பது. அதை ஓட்டுவது ஒரு சின்ன லினக்ஸ் போர்டு. அதன் புரோகிராம் என் பொறுப்பு. கை உள்ளே போகாமல் தடுக்க மெஷினுக்கு முன்னால் ஒரு கதவு; அதன் ஸ்விட்சிலிருந்து வரும் வயர் போர்டின் பதினேழாம் ‘பின்’ என்கிற முனையில் சேரும். கதவு திறந்திருந்தால் பிரஸ் இறங்காது. ஒவ்வொரு தகட்டுக்கும் திறந்து மூடினால் நேரமாகிறதாம். ‘சீக்கிரம்’ என்று நாங்கள் பட்டப்பெயர் வைத்திருக்கும் சூப்பர்வைசர், நான் லீவு போட்ட சமயம் பார்த்து, அந்தப் பின் எப்போதும் ‘மூடியிருக்கிறது’ என்றே காட்டும்படி வேறொரு ஆளை விட்டு சாஃப்ட்வேரில் பூட்டச் சொல்லிவிட்டார். திரும்பி வந்து பார்க்கிறேன், கதவு ஆவென்று கிடக்கிறது, திரையில் பச்சைப் புள்ளி. பூட்டை எடுத்தேன், பாஸ்வேர்டையும் மாற்றினேன். பெரிய வீரன் என்று நினைப்பு எனக்கு.

அன்றிலிருந்து நாளைக்கு இத்தனை தகடு என்கிற எண்ணிக்கை எட்டவில்லை. எட்டாமல் லைனில் யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து என்னிடம் வந்தாள்.

“அதைப் பழையபடி மாத்தி வைங்க.”

“பைத்தியமாடி உனக்கு? கை போயிடும்.”

“நான் பாத்துக்கறேன். நேத்து பாப்பா பக்கத்து வீட்டுப் படியிலயே தூங்கிட்டா. இவங்க வீட்லயும் இதே கதிதான். என் கையக் காப்பாத்தறேன்னு எல்லார் வயித்தெரிச்சலையும் கொட்டிக்கறீங்க.”

“எண்ணிக்கையக் குறைக்கச் சொல்லி சீக்கிரத்துக்கிட்ட கேளேன்.”

“கேட்டாச்சு. ‘உன் புருஷனைக் கேளு’ன்னு சிரிக்கறாரு.”

நாசமாய்ப் போகிறவன். அவனைத் திட்டித் திட்டியே பாஸ்வேர்டை அடித்தேன். என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொண்டேன்.

பச்சைப் புள்ளி வந்தது. என் அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், லைனில், அந்த ஆறு பேரில் ஒருத்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். இவள் வாங்கிக் குடித்துவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்துப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. என் பக்கம் திரும்பவில்லை. கதவை முழுக்கத் திறந்து வைத்தாள். கல்யாணத்தன்று நான் போட்ட மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஒரு தகட்டை எடுத்துக் கையை உள்ளே விட்டாள்.