இல்லாத பிரேக்

ஞாயிற்றுக்கிழமை காலை, வெயில் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சர்வேயர் முன்பின் தெரியாத ஒரு வீட்டு வாசலில் சாம்பல் நிறச் சின்னக் கார் ஒன்றின் அடியில் தலையை நுழைத்து மல்லாந்து படுத்திருந்தார். முதுகுக்குக் கீழே பழைய செய்தித்தாள், கையில் டார்ச். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் பாலீஷ் போட்ட கறுப்பு ஷூவும்தான். வண்டி பார்க்கப் போகிறவன் செருப்போடு போனால் விற்கிறவனுக்கு இளக்காரமாகிவிடும் என்பது அவர் கட்சி. துரு இல்லை. எண்ணெய்க் கசிவு இல்லை. ஒட்டு வேலை இல்லை. அதுதான் அவரை உறுத்தியது. இத்தனை வருடம் ஓடிய வண்டிக்கு அடியில் ஒன்றுமே இல்லை என்றால், இருந்ததை யாரோ துடைத்திருக்கிறார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனியில் சேதம் பார்ப்பது அவர் உத்தியோகம். நசுங்கி வந்த வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி, இது மரத்தில் மோதியதா, மச்சானோடு சண்டை போட்டுக் கடப்பாரையால் இடித்துக்கொண்டதா என்று சொல்லிவிடுவார். ஆபீசில் அவருக்கு 'டார்ச்' என்று பெயர், அவர் முதுகுக்குப் பின்னால் மட்டும். காலமெல்லாம் பொய் கேட்டுப் பழகிய காது. உண்மையைக் கேட்டால் அதற்கு ஏதோ ஒரு மாதிரி ஆகிவிடும். கடைக்காரர் மீதிச் சில்லறையைச் சரியாகக் கொடுத்தால்கூட ஒருமுறை அவர் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்.

வண்டி மகளுக்கு. பிசியோதெரபி படித்து முடித்தவளுக்கு வெளியூரில் நல்ல வேலை கிடைத்திருந்தது. நோயாளிகளின் வீடுகளுக்கே போய் கை கால் பயிற்சி கொடுக்கிற வேலை. சொந்த வண்டி இருந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். செய்தி வந்த அன்று வாயெல்லாம் பல்லாக, "வண்டி நான் வாங்கித் தர்றேன், நீ பேசாம பெட்டியக் கட்டு" என்று வாக்குக் கொடுத்தவர் இவர்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வண்டி. ஒன்றில் சீட்டுக்கு அடியில் ஈரவாடை, வெள்ளத்தில் மூழ்கியிருக்கும் என்றார். ஒன்று விலை மலிவு, ஏதோ விவகாரம் என்றார். இன்னொன்றின் சொந்தக்காரர் அதிகமாகக் கண் சிமிட்டினார். பெட்டி கட்டியபடியே கிடந்தது. நாளைக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை வேறு யாருக்கோ போய்விடும். மனைவி இந்தமுறை கூடவே வரவில்லை. "நீங்க வாங்கவும் மாட்டீங்க, வேண்டாம்னு சொல்லவும் மாட்டீங்க. நான் எதுக்கு வெயில்ல காயணும்?" என்று சொல்லி வெங்காயத்தை உரிக்கப் போய்விட்டாள்.

விற்கிறவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடைக்காரம்மா. அறுபதைத் தாண்டியவர், கணவர் இல்லை, வெட்டிய குட்டை முடி. அவர் வாசலில் ஒன்றுக்கு இரண்டு கார்கள் நின்றன. ஒரே கம்பெனி, ஒரே மாடல். சாம்பல் நிறம் சாதா: மெல்லிய டயர், சோபா போல அமுங்குகிற சீட், பெட்டிப்பாம்பாக ஓடும் எஞ்சின். சிவப்பு ஸ்போர்ட்ஸ்: நாலு விரல் தாழ்ந்த உடம்பு, அகல டயர், பின்னால் சின்னதாக ஒரு இறக்கை, ஸ்டீயரிங்குக்குத் தோல் உறை. ஸ்டார்ட் செய்தால் பாதித் தெருவுக்குத் தெரியும். இரண்டில் ஒன்றைத் தருவதாகவும், எது வேண்டும் என்பது வாங்குகிறவர் இஷ்டம் என்றும், இரண்டுக்கும் ஒரே விலைதான் என்றும் அந்தம்மா போனிலேயே சொல்லியிருந்தார். சர்வேயருக்கு அன்றிரவு தூக்கம் போனது. எதை எடுத்தாலும் சம்மதம் என்று சொல்கிறவர், ஏதோ ஒன்றைத் தலையில் கட்டப் பார்க்கிறார். எதை என்று கண்டுபிடித்துவிட்டால் மற்றதை வாங்கிவிடலாம்.

துணி சுற்றிய காந்தத்தை இரண்டு வண்டிகளின் மேலும் தடவிப் பார்த்தார். எல்லா இடத்திலும் ஒட்டியது, பெயின்டுக்கு அடியில் பூச்சு வேலை கிடையாது. எண்ணெய் மூடியைத் திறந்து முகர்ந்தார். பெடல் ரப்பரின் தேய்மானத்தை ஓடிய கிலோமீட்டரோடு மனக்கணக்குப் போட்டார். எல்லாம் பொருந்தியது. மகள் சிவப்பு வண்டியின் கதவில் சாய்ந்து, நகத்தைக் கடித்துக்கொண்டு, அப்பா எப்போது ஏதாவது கண்டுபிடிப்பார் என்று காத்திருந்தாள்.

சாம்பல் வண்டியில் அது கிடைத்தது. ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் முன்னே, தரை விரிப்பில், வலது பாதம் படுகிற இடம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து நூல்நூலாகியிருந்தது. அவர் முகத்தில் அன்று முதல்முறையாக ஒரு தெளிவு வந்தது.

"மேடம், மறைக்காம சொல்லுங்க. இது டிரைவிங் ஸ்கூல்ல ஓடின வண்டிதானே?"

"இல்லையே சார்."

"சொல்லிக் குடுக்கிறவர் பக்கமும் ஒரு பிரேக் வச்சிருப்பாங்க. அதைக் கழட்டிட்டா தெரியாதுன்னு நினைச்சிட்டீங்க. தரை காட்டிக் குடுத்துடுச்சு."

அந்தம்மா குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்.

"அது நான் சார். வண்டிய அவர் ஓட்டினார். பிரேக் நான் போட்டேன். அவர் இருந்த வரைக்கும் அப்படித்தான்."

மகள் பக்கென்று சிரித்துவிட்டாள். சர்வேயர் சிரிக்கவில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு டேஷ்போர்டுக்கு அடியில் போய், கழற்றிய பெடலின் திருகுத் துளை இருக்கிறதா என்று தேடினார். இல்லை. அடைத்துப் பெயின்ட் அடித்திருக்கலாம் என்று வாய்க்குள் முணுமுணுத்தார்.

"ஓட்டிப் பாத்துடலாம்பா" என்றாள் மகள்.

சாம்பல் வண்டியை அவள் எடுத்தாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தெருமுனையைத் தாண்டி, பள்ளிக்கூடச் சுவர் ஓரமாக, மார்க்கெட் சாலைக்கு வந்தார்கள். எஞ்சின் ஒழுங்காக ஓடியது. கியர் வெண்ணெயாக விழுந்தது. சர்வேயர் காதைத் தீட்டிக்கொண்டு ஏதாவது கடகடக்கிறதா என்று கேட்டபடி வந்தார். அப்போது ஒரு சந்திலிருந்து சாமான் ஏற்றிய லாரி பின்பக்கமாக வெளியே வந்தது. மகள் நிதானமாகப் பிரேக் போட்டு, லாரிக்கு வெகு முன்னதாகவே நிறுத்தி, ஹாரன் கூட அடிக்காமல் காத்திருந்தாள்.

"அப்பா, கால்" என்றாள்.

குனிந்து பார்த்தார். அவருடைய கறுப்பு ஷூ அந்தத் தேய்ந்த இடத்தின் மேல் அளவெடுத்து வைத்த மாதிரி ஊன்றியிருந்தது. முழங்கால் விறைத்திருந்தது. இன்னும் அழுத்திக்கொண்டுதான் இருந்தார். வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டார்.

"லாரிக்காரனுக்கு அறிவு வேணாமா? பின்னாடி ஆளே இல்லாம ரிவர்ஸ் எடுக்கிறான்."

மகள் லாரியைப் பார்க்கவில்லை. "உங்கள ஒண்ணு கேக்கவாப்பா? குறையே இல்லாத வண்டி ஒண்ணு வந்தா, வாங்கித் தருவீங்களா?"

"இதென்ன கேள்வி. அதுக்குத்தானே நாயா அலையறேன்."

சொன்னதும் அவருக்கே அது சரியாகப் படவில்லை. ஆபீசில் எதிரே உட்கார்ந்து, கேட்கும் முன்பே பதில் வைத்திருக்கிறவர்களின் குரல் அது. எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறார், எழுதிக்கொள்ளாமலேயே தள்ளுபடி செய்திருக்கிறார். இவள் போனால் வீடு எப்படி இருக்கும் என்று அதுவரை அவர் யோசித்ததே இல்லை. யோசிக்காமல் இருக்கத்தான் இத்தனை வண்டிகளுக்கு அடியில் படுத்தோமோ என்று சந்தேகம் வந்தது. தன் மேலேயே சந்தேகம் வருவது அவருக்குப் புது அனுபவம். லாரி போய்விட்டது. மகள் வண்டியைக் கிளப்பினாள். திரும்பி வரும்வரை அவர் இரண்டு கால்களையும் சீட்டுக்கு அடியில் மடக்கி வைத்துக்கொண்டார்.

கண்ணாடிக்காரம்மா வாசலிலேயே நின்றிருந்தார். இறங்கிய கையோடு சர்வேயர் சிவப்பு வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்து தரையைப் பார்த்தார். விரிப்பு கடையிலிருந்து வந்த மாதிரி அப்படியே இருந்தது.

"இதுல ஏன் புதுசா இருக்கு?"

"அவர் போனதுக்கப்புறம் வாங்கினது சார். பக்கத்துல யாரும் உக்காரல. நான் ஒருத்திதான் ஓட்டறேன்." அந்தம்மா சிவப்புக் கூரையில் படிந்த தூசியைக் கையால் துடைத்தார். "பிரேக் போட்டே பழகினவ, ஓட்டக் கத்துக்கிட்டேன்."

"அப்ப எதை விக்கணும்னு நினைக்கிறீங்க? நேராச் சொல்லிடுங்க."

"அது தெரிஞ்சிருந்தா உங்ககிட்ட ஏன் சார் விடப்போறேன்? ஒரு ஆளுக்கு ரெண்டு வண்டி வேண்டாம், அது மட்டும்தான் தெரியும். ஒண்ண நீங்களே எடுத்துட்டுப் போயிட்டீங்கன்னா எனக்குப் பாடு இல்ல."

பொய்க்கு ஒரு வாடை உண்டு. சர்வேயர் மோப்பம் பிடித்துப் பார்த்தார், வரவில்லை. அந்தம்மா அவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கண்ணாடி ஒரு பக்கம் தொங்குது சார். வண்டிக்கு அடியில நுழைஞ்சு நுழைஞ்சு காம்பு வளைஞ்சிருக்கு. இப்படிக் குடுங்க."

அவர் சரி என்பதற்குள் கண்ணாடி அந்தம்மா கையில் இருந்தது. உலகம் கலங்கிப் போனது. அந்தச் சமயம் பார்த்து மகளின் குரல் கேட்டது.

"அப்பா, சிவப்ப நான் மட்டும் ஓட்டிப் பாத்துட்டு வரேன்."

"இரு, நானும்..."

கதவு சாத்தப்பட்டது. எஞ்சின் பாதித் தெருவுக்குக் கேட்கும்படி உறுமியது. சிவப்பாக ஒன்று அவரைக் கடந்து போவது மட்டும் தெரிந்தது. இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டு செய்தார்களோ என்று தோன்றியது. கண்ணாடிக்காக நீட்டிய கை அப்படியே நின்றது. கண் இல்லாததால் காது நீண்டது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. கொஞ்சம் வேகம். பள்ளிக்கூடச் சுவரில் பட்டு எதிரொலி வந்தது. அடுத்தது மார்க்கெட் திருப்பம், அந்தச் சந்து, லாரி.

சத்தம் சட்டென்று இறங்கியது.

"காலை எடுத்துடுங்க சார்" என்றார் கண்ணாடிக்காரம்மா, காம்பை நிமிர்த்தியபடி, தலை தூக்காமல். "அவளே பிரேக் போட்டுட்டா."

சர்வேயரின் வலது ஷூ வாசல் மண்ணில் முனை புதைய ஊன்றியிருந்தது. அதை எடுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. எடுக்கவில்லை. எங்கோ இரண்டு தெரு தள்ளி எஞ்சின் மறுபடி உறுமி எழுந்தது. அது போகிறதா, திரும்பி வருகிறதா என்று பிடிபடாமல், வெறுங்கண்ணை இடுக்கிக்கொண்டு, அவர் கேட்டுக்கொண்டே நின்றார்.