சில்லு பதிக்காத இரண்டு முழம்

டாக்டர் துரையின் பங்களாவில் வெள்ளித் தேநீர்க் கெண்டி காணாமல் போனதிலிருந்து, தங்கச் சுரங்கத்து ஊரான ஊரிகத்து மேட்டில் ஒரு துரைசானிக்கும் நிம்மதி இல்லை. ஒரு பங்களாவில் பெங்களூரிலிருந்து கன்றுக்குட்டி அளவுக்கு ஒரு நாயை வரவழைத்தார்கள். அது முதல் வாரமே தபால்காரனைக் கடித்துவிட்டது. திருடன் இன்னும் வரவேண்டும். இன்னொரு பங்களாவில் ஜன்னலுக்கெல்லாம் இரும்புக் கம்பி போட்டார்கள். தலைமாட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு தூங்கிய இன்ஜினியர் துரை, தன் அலமாரிக் கண்ணாடியையே சுட்டுவிட்டதாகச் சமையல்காரர்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். பூமியைக் குடைந்து தங்கத்தை எடுத்துக் கப்பலேற்றுகிறவர்கள், ஒரு கெண்டி போனதற்கு இந்தப் பாடு பட்டார்கள்.

கேப்டன் துரை கொஞ்சம் நிதானமான ஆள். அவர் கப்பல் கேப்டன் இல்லை, சுரங்கத்துக்குள் ஆட்களை வேலை வாங்குகிற கேப்டன். அவர் யோசித்து, மதிலின் மேல் பாட்டில் சில்லு பதிக்கச் சொன்னார். கிளப்பில் காலி பாட்டிலுக்கா பஞ்சம்? கோணிப்பையில் போட்டு உடைத்துக் கொண்டுவந்து கொட்டினார்கள். மேற்பார்வை பட்லர் ஏனோக்குடையது.

ஏனோக் வேலூர்ப் பக்கத்து ஆள். கேப்டன் துரையிடம் சமையலறைப் பையனாகச் சேர்ந்து பட்லராக உயர்ந்தவன். வெள்ளைக் கோட்டும் தலைப்பாகையுமாக அவன் நடந்து வந்தால் மற்ற பங்களா வேலைக்காரர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். துரைசானி எது சொன்னாலும் அவன் வாயில் வருவது 'யெஸ் மேடம்' ஒன்றுதான். அந்த இரண்டு வார்த்தையை வைத்தே பிழைத்தவன் என்று மேட்டில் அவனைக் கேலி பேசுவார்கள். அது அவ்வளவு பொய்யும் இல்லை.

கொத்தனார் மூன்று பக்கமும் சில்லு பதித்து முடித்துப் பின்பக்கத்துக்கு வந்தபோது, கொய்யா மரத்துக்குப் பின்னால் இரண்டு முழ இடத்தைக் காட்டி, "இத்த நான் பாத்துக்கிறேன், நீ கெளம்பு" என்றான் ஏனோக். கொத்தனார் ஏன் என்று கேட்கவில்லை. ஏனோக் அந்த இடத்தைத் தொடவும் இல்லை.

காரணம் தண்ணீர். அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. மேட்டுக்குக் கீழே, கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன்களில் மூங்கில் தட்டி வீடுகள் ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அத்தனை வீட்டுக்கும் சேர்த்து ஒரே குழாய். அதிலும் காற்றுதான் அதிகம் வந்தது. பேத்தமங்களா ஏரியிலிருந்து குழாயில் ஏறி வந்த தண்ணீர், மேட்டு பங்களாக்களில் மட்டும் வஞ்சனையில்லாமல் கொட்டியது. கேப்டன் துரைசானியின் ரோஜாச் செடிகள் இரண்டு வேளையும் குளித்தன.

ஞாயிறு சாயங்காலம் துரையும் துரைசானியும் ஆராதனைக்குக் கோயிலுக்குப் போவார்கள். திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால் லாந்தரும் ஜெபப் புத்தகமுமாக ஏனோக்கும் பின்னால் போவான். மற்ற வேலைக்காரர்களுக்கு அன்று லீவு. அந்த நேரம் பார்த்து லைன் பெண்கள் பின்மதில் ஏறி இறங்கி, தோட்டத்துக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். ஏனோக்கின் மனைவி நேசமணியும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. அவர்கள் வீடும் லைனில்தான் இருந்தது.

பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவும் உண்டு. சாவி துரைசானியிடம். கேட்டால் என்ன சொல்வாளோ என்று பயந்து ஏனோக் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்பதைவிட மதிலில் இரண்டு முழம் விட்டுவைப்பது அவனுக்குச் சுலபமாக இருந்தது.

சில்லு மட்டும் போதாதென்று துரை ஒரு வாட்ச்மேனையும் வைத்தார். அந்த வேலையை முனியப்பனுக்கு வாங்கிக் கொடுத்ததே ஏனோக்தான். சுரங்கத்துக்குள் கல் விழுந்து முனியப்பனின் வலது கால் வளைந்துபோயிருந்தது. இனி ஷாப்டுக் குழிக்குள் இறங்க முடியாது. கம்பெனி வேலை இல்லையென்றால் லைன் வீடும் இல்லை. அவனும் மனைவி தாயம்மாவும் ஏனோக் வீட்டுக்கு அடுத்த தட்டியில் இருந்தார்கள். வேலை கிடைத்த அன்று தாயம்மா ஒரு சொம்பு கேழ்வரகுக் கூழைக் கொண்டுவந்து நேசமணியிடம் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏனோக் முனியப்பனைத் தனியாக அழைத்துச் சொன்னான்.

"சாயங்காலம் பொம்பளைங்க வருவாங்க, தண்ணிக்கு. பொடவைய முட்டிக்கு மேல தூக்கிச் செருவிக்கினுதான் மதில் ஏறணும். நீ ஆம்பள அங்க நின்னுக்கினு பாத்தா நல்லாயிருக்காது."

"ஐயய்யோ, இன்னாண்ணா இப்டி சொல்றீங்க? என் சம்சாரமும் வருவா. நான் முன் கேட்டப் பாத்துத் திரும்பி நிக்கிறேன். அதுங்க போற வரிக்கும் இந்தப் பக்கம் தலைய திருப்ப மாட்டேன்."

சொன்னபடியே செய்தான். குடங்கள் மோதுகிற சத்தம் கேட்டால் முதுகைக் காட்டி நின்றுகொள்வான். போகும்போது தாயம்மா ஒரு தடவை செருமுவாள். அதற்குப் பிறகுதான் திரும்புவான். அந்த மேட்டிலேயே இவ்வளவு மரியாதையான காவல் வேறு எந்த பங்களாவிலும் இல்லை.

அந்த மரியாதைதான் வினையாகப் போயிற்று.

ஒரு ஞாயிறு கோயிலிலிருந்து திரும்பியபோது சாமான் அறையின் தாழ்ப்பாள் நெம்பப்பட்டிருந்தது. வெள்ளிக் கரண்டிகள், மெழுகுவர்த்தித் தண்டுகள், துரைசானியின் அம்மா கொடுத்த, மார்பில் குத்திக்கொள்ளும் புரூச் ஒன்று, எல்லாம் போயிருந்தன. துரைசானி புரூச்சுக்காக அழுதாள். ஏனோக் லாந்தரைத் தூக்கிக்கொண்டு நேராகக் கொய்யா மரத்தடிக்கு ஓடினான். ஈரமண்ணில் பெண்களின் காலடிகளுக்கு நடுவே ஒரு பெரிய காலடி, பரந்த விரல்களோடு. அது ஆணின் காலடி. என்ன செய்கிறோம் என்று யோசிக்காமலேயே தன் செருப்புக் காலால் எல்லாத் தடத்தையும் மிதித்துக் கலைத்தான்.

இரவு வீட்டுக்குப் போனதும் நேசமணி மெல்லச் சொன்னாள்.

"இன்னிக்கி புதுசா ஒருத்தி வந்தா. தலையோட முக்காடு, இடுப்புல குடம். பேசவே இல்ல. பாலகாட் சுரங்கத்துப் பக்கத்து லைன்ல யாரோ, பாவம், அங்கயும் தண்ணி இல்லபோலன்னு நெனச்சி நாங்களே கை குடுத்து மதில் ஏத்திவுட்டோம்."

"போம்போது?"

"நடுவுல யாரும் கவனிக்கல. கொடம் கனமாத்தான் இருந்திச்சி. தண்ணின்னு நெனச்சோம்."

ஏனோக் சோற்றைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் காலை வராந்தாவில் விசாரணை. துரைக்குத் தமிழ் என்றால் 'போ', 'வா', 'ஜல்தி' மட்டும். முனியப்பனுக்கு இங்கிலீஷில் 'சார்' மட்டும். நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாற்றிச் சொல்ல வேண்டியவன் ஏனோக்.

துரை முதலில் மதிலைப் பற்றித்தான் கேட்டார். பின்னால் இரண்டு முழம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

"சுண்ணாம்பு தீர்ந்துபோனது, சார். பிறகு முடிக்க மறந்துவிட்டேன்" என்று ஏனோக் இங்கிலீஷில் சொன்னான்.

துரை அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இவ்வளவு வருஷத்தில் நீ மறந்தது இது ஒன்றுதான், இனி மறக்காதே என்றார். அவ்வளவுதான். அடுத்து முனியப்பனிடம் திரும்பினார். நீ எங்கே இருந்தாய், யாரைப் பார்த்தாய்?

ஏனோக் தமிழில் கேட்டான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது.

முனியப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு, நல்ல காலில் நின்று, ஏனோக்கின் முகத்தையே பார்த்தான்.  அவன் சொல்லிவிடட்டும் என்று ஏனோக்கின் ஒரு மனம் கேட்டது. சொல்லிவிட்டால் வேலை, வீடு, நேசமணி எல்லாம் போய்விடுமே என்று இன்னொரு மனம் கெஞ்சியது. இரண்டாவது மனம்தான் பெரிதாக இருந்தது. அதை அவனால் பிறகு மறைக்கவே முடியவில்லை, தன்னிடமிருந்துகூட.

"தூங்கிட்டேன்னு சொல்லுங்கண்ணா" என்றான் முனியப்பன்.

ஏனோக் துரையின் பக்கம் திரும்பாமல் அவனையே பார்த்தான்.

"இன்னா பாக்குறீங்க? தூங்கிட்டேன்னு சொல்லுங்க."

"அவன் தூங்கிவிட்டானாம், சார்" என்றான் ஏனோக்.

பட்லரின் மறதிக்கு மன்னிப்பு கிடைத்தது. வாட்ச்மேனின் தூக்கத்துக்குக் கிடைக்கவில்லை. வேலை அன்றே போயிற்று. லைன் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். துரைசானி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டில் நம்பிக்கையான ஆள் நீ ஒருவன்தான் என்று சொல்லி, வீட்டுச் சாவிக்கொத்தை ஏனோக்கிடம் கொடுத்தாள். பின்கதவுச் சாவியும் அதில் இருந்தது. "யெஸ் மேடம்" என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். வாங்கிய கையை வெட்டிப்போடலாம் போல இருந்தது அவனுக்கு.

லைனில் முனியப்பன் சாமான்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். பேத்தமங்களாவில் யாரோ நிலத்தில் காவல் வேலை இருக்கிறதாம், போய்ப் பார்க்கிறானாம். ஏனோக் வாசலில் நின்றான். உள்ளே வாருங்கள் என்று யாரும் கூப்பிடவில்லை.

"ஏன் முனியப்பா அப்டி சொன்ன?"

"வேற இன்னா சொல்றது? தண்ணின்னு சொன்னா அத்தினி பொம்பளைங்களையும் போலீசு இஸ்துக்கினு போவான். தாயம்மா, உங்க சம்சாரம் எல்லாருந்தான். திருடன் ஒருத்தன், அடி வாங்கறது லைன் பூரா." கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டான். "ஒண்ணுதாண்ணா மனசுல குத்துது. ஷாப்டுல இத்தினி வருசம் கெடந்தேன், ஒரு ஷிப்டுல கண்ண மூடினதில்ல. இப்ப சின்னப் பசங்கல்லாம் தூங்குமூஞ்சின்னு கூப்டுறானுங்க."

ஏனோக் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். தாயம்மா குறுக்கே வந்தாள்.

"ஒண்ணும் பேசாதீங்க. ஒங்க துரைசானிக்கு கரண்டி போச்சுன்னு நாலு ஊரு தேடுறாங்க. இவரு பேரு போச்சே, அத்த யாரு தேடுவா? நீங்க தேடுவீங்களா?"

 ஏனோக் மூட்டையைத் தூக்கிவிட ஒரு கை கொடுக்கலாம் என்று குனிந்தான். அதற்கும் தாயம்மா விடவில்லை. கால் வளைந்த மனிதன் ஒரு மூட்டையும் அவள் ஒரு மூட்டையுமாகப் போனார்கள்.

அன்றைக்கே துரையின் கண்முன்னால் அந்த இரண்டு முழத்துக்கும் சில்லு பதிக்கப்பட்டது. ஏனோக்கே தன் கையால் பதித்தான். பச்சை சில்லு ஒன்று உள்ளங்கையைக் கிழித்தது. நன்றாகக் கிழியட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமைக்குள் லைனில் தண்ணீருக்கு அடிதடியே நடந்துவிட்டது. நேசமணி குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கத்தியிருந்தாலாவது அவன் திருப்பிக் கத்தியிருப்பான்.

"சாவி ஒங்க இடுப்புலதான இருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

ஞாயிறு காலை துரைசானிக்குத் தேநீர் கொண்டுபோனபோது, வைத்துவிட்டும் போகாமல் அவன் நிற்பதை அவளே கவனித்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஏனோக் சொல்லிவிட்டான். லைன் பெண்களுக்குத் தண்ணீர் இல்லை, ஞாயிற்றுக்கிழமை பின்கதவைத் திறந்துவிட்டால் எடுத்துக்கொள்வார்கள், நானே நின்று ஒவ்வொருவராகப் பார்த்து அனுப்புகிறேன், மேடம். வேலை போனாலும் போகட்டும் என்று தலையைக் குனிந்து நின்றான்.

துரைசானி கோப்பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "தண்ணீர்தானே? எடுத்துக்கொள்ளட்டுமே. ரோஜாவை மிதிக்காமல் இருந்தால் சரி" என்றாள். இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டாள்.

ஏனோக் அப்படியே நின்றான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். துரத்தியிருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சர்க்கரைக் கிண்ணத்தை நீட்டியபடி மீதியையும் சொல்லப் பார்த்தான்.

"மேடம், முனியப்பன் அன்றைக்குத் தூங்கவில்லை."

"யார்?"

"பழைய வாட்ச்மேன், மேடம்."

"ஓ, அவனா. புது ஆள் விழிப்பாக இருக்கிறான், இல்லையா?"

இந்த இடத்தில்தான் அவன் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு முழத்தை விட்டது நான், திரும்பி நிற்கச் சொன்னது நான், பொய்யை இங்கிலீஷாக்கியது நான் என்று. நாக்கு நுனிவரை வந்தது.

"யெஸ் மேடம்" என்றான்.

சாயங்காலம் லாந்தர் தூக்கப் புது வாட்ச்மேனை அனுப்பிவிட்டு, ஏனோக் பின்கதவைத் திறந்து வைத்து நின்றான். வெயில் இன்னும் இருந்தது. பெண்கள் நம்பாமல், ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். வாசல் வழியாக வருகிறவர்கள் புடவையைத் தூக்கிச் செருக வேண்டியதில்லை. அதனால் அவன் திரும்பி நிற்க வேண்டியதும் இல்லை. ஒவ்வொரு முகத்தையும் நன்றாகப் பார்க்க முடிந்தது. முக்காடு போட்ட யாரும் இந்த வழியாகத் தப்பியிருக்க முடியாது. முனியப்பன் இங்கே நின்றிருந்தால் அவனும் பார்த்திருப்பான்.

எல்லாரும் நிரப்பிக்கொண்டு போனபின், நேசமணி கடைசியாகக் குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"எப்டிங்க தொறக்க சொன்னாங்க? இன்னா கேட்டீங்க?"

"தண்ணி எடுத்துக்கட்டுமான்னு கேட்டேன்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

நேசமணி சில்லு பதித்த அந்த இரண்டு முழத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இறக்கத்தில் இறங்கிப் போனாள். ஏனோக் கதவைப் பூட்டினான்.