பழைய கிணற்றிலிருந்து இரண்டாம் வரிசை

ஒரு புகைப்படத்தில் ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்கும் இரண்டு பொருட்களைக் கண்டால் விட்டுவிடக் கூடாது. நில அளவைப் படத்தில் அந்த இரண்டையும் கோடு போட்டு இணைத்து நீட்டுங்கள். படமெடுத்தவர் அந்தக் கோட்டின் மேல்தான் எங்கோ நின்றிருக்கிறார். இன்னொரு சோடி கிடைத்தால் இன்னொரு கோடு. இரண்டும் வெட்டுகிற இடத்தில் அவருடைய கால்கள் இருந்தன. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். அடிமட்டமும் கூரான பென்சிலும் போதும்.

நான் இருபத்தொன்பது வருடம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவள். என் தம்பி பிறேம் புலிகள் இயக்கத்துக்குப் போய், 1993இல் பூநகரிச் சண்டையில் செத்தான். அடுத்த வருடம் மாவீரர் துயிலும் இல்லத்தில் அவனுடைய கல்லறையை அப்பா ஒரேயொரு படம் எடுத்தார். அந்த இடத்தைப் பிறகு இராணுவம் இரண்டு தடவை இடித்தது. இரண்டாம் முறை கற்களை நொறுக்கி, அதன் மேலேயே முகாமும் போட்டது.

சில வருடங்களுக்கு முன் முகாம் பாதிக் காணியை விட்டுவிட்டு வேலியைப் பின்னால் தள்ளிப் போட்டது. விடுபட்ட பாதியில் ஊர்ப் பெடியள் புல் வெட்டி, ஆறடிக்கு ஒன்றாகத் தடி நட்டார்கள். மாவீரர் நாளில் வருகிறவர்கள் ஆளுக்கொரு தடியில் விளக்கேற்றுவார்கள். யாருக்கு எந்தத் தடி என்று யாரும் கேட்பதில்லை.

எனக்கு அது போதவில்லை. பிறேமை வைத்தது ஒரு குறிப்பிட்ட இடத்தில். கல்லை நொறுக்கலாம், இடத்தை நொறுக்க எந்த இயந்திரமும் இல்லை. அளந்தால் அது திரும்ப வரும்.

அப்பாவின் படத்தில் சேர்ச்சின் சிலுவை, கிணற்றின் இடது தூணிலிருந்து முளைத்தது போல நின்றது. முதல் சோடி. தண்ணீர்த் தாங்கியின் ஒரு கால் மதகின் மூலைக்குப் பின்னால் பாதி மறைந்திருந்தது. இரண்டாவது சோடி. அந்தக் கிணற்றை இராணுவம் மூடிவிட்டது. ஆனால் எண்பதுகளில் வரைந்த படத்தாளில் அது ஒரு சிறு வட்டமாக இருக்கிறது. கிணறுகளை நாங்கள் ஒருபோதும் தவறவிடுவதில்லை.

கோடுகள் வெட்டிய இடத்தில் அப்பா. அவருக்கு முன்னே மூன்று வரிசை, நாலாவதில் பிறேம். வரிசைக்கு வரிசை எவ்வளவு? அதற்கு அலவாங்கை, அந்தக் கனத்த இரும்புக் கம்பியை, எடுத்தேன். கல்லைப் பெயர்த்தவர்கள் மண்ணுக்குள் இருந்த கொங்கிறீட் அடித்தளத்தைத் தோண்ட மெனக்கெடவில்லை. குத்திக்கொண்டே போனால் மண்ணில் ‘சதக்’ என்று இறங்கும், அடித்தளத்தில் ‘ணங்’ என்று நிற்கும். இரண்டு காலை வேலையில் தெரிந்துவிட்டது: ஏழடி. தடிகளோ ஆறடிக்கு ஒன்று. பத்துத் தடி தள்ளிப் போனால் பத்தடி பிழை.

மாவீரர் நாளான நவம்பர் இருபத்தேழாம் திகதி பின்னேரம் மதகிலிருந்து நாடா பிடித்து அளந்து வந்தேன். இடம் வந்தது. அங்கே ஒரு தடியும், மாலை போட்ட ஒரு பெடியனின் படமும், அதன் முன்னால் ஒரு வயதான அம்மாவும் இருந்தார்கள். அவர் பெயர் பாலேஸ்வரி. கொடிகாமத்திலிருந்து ஆறு வருடமாக அதே தடிக்கு வருகிறவர்.

“அம்மா, கொஞ்சம் தள்ளி இருப்பியளோ? அளக்க வேணும்.”

“என்னத்தை அளக்கிறாய் பிள்ளை? காணி விக்கப் போறியளோ?”

“இல்லையம்மா. இது என்ரை தம்பியை வைச்ச இடம்.”

“உன்ரை தம்பியோ? அப்ப நான் ஆறு வருசமா ஆருக்கு அழுதனான்?”

சத்தம் கேட்டு ஏற்பாட்டுக் குழுவின் கேதீஸ்வரன் ஓடி வந்தார். “அன்ரி, இண்டைக்கு உந்த அளவையளை விடுங்கோ. எல்லாம் எங்கடை பிள்ளையள்தானே. ஆர் ஆருக்குக் கொளுத்தினால் என்ன?”

பாலேஸ்வரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நீ இண்டைக்குப் பக்கத்து வீட்டிலை போய்ப் படு. எல்லாம் எங்கடை வீடுதானே எண்டு மனிசியிட்டைச் சொல்லு, பாப்பம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் கேட்டேன்: “இதுதான் மகன்ரை இடமெண்டு எப்பிடியம்மா கண்டுபிடிச்சனீங்கள்?”

“கிணத்திலையிருந்து ரெண்டாம் வரிசை, தெருப்பக்கத்து மூலைக்கல்லு. ஜெயசுதனிட்டை மாசத்துக்கு ஒருக்கா வந்தனான். மறப்பனோ?” என்று கிணற்றைக் காட்டினார்.

வளையம் இறக்கிக் கட்டிய கிணறு. முகாம் இந்தப் பாதியிலும் இருந்த காலத்தில் இராணுவம் தோண்டி, வேலியைத் தள்ளும்போது விட்டுவிட்டுப் போனது. அவர் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார், பிழையான கிணற்றிலிருந்து.

சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் பிறேமுக்கு உண்மையான இடம் வேண்டுமென்று அலவாங்கோடு அலைந்த நான், ஜெயசுதனுக்கு மட்டும் எதுவும் போதும் என்று எப்படி நினைப்பது? படத்தாளை அவர் மடியில் விரித்தேன்.

“அம்மா, உது ஆமி தோண்டின கிணறு. பழைய கிணறு இந்த வட்டம். வேலிக்கு அங்காலை. அதிலையிருந்து ரெண்டு வரிசை பதினாலடி. மூலைக்கல்லு இதிலை. வேலியிலையிருந்து எட்டடி.”

“உள்ளுக்கோ?”

“ஓம். உள்ளுக்கு.”

அவர் அந்த வட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு மகனின் படத்தையும் மாலையையும் எடுத்துக்கொண்டு எழும்பினார்.

“தம்பி கேதீஸ், முன்வீட்டிலை முருங்கைக்காய் புடுங்கிற கொக்கத்தடி இருக்கும். வாங்கிக்கொண்டு வா.”

“அம்மா, அங்கை ஆமி நிக்குது. பிரச்சினை வரும்.”

“எனக்கு இனித்தான் பிரச்சினை வரப்போகுதோ?”

கேதீஸ்வரன் போய் வாங்கி வந்தார். பதினைந்தடி மூங்கில். வேலியின் கடைசி முள்ளுக்கம்பி நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம். தனி விளக்கைத் தள்ளினால் சரியும். அதனால் ஒரு பெயின்ற் வாளி மூடியில் மணல் பரப்பி, விளக்கை அதற்குள் பாதி புதைத்தோம். தடியின் நுனியிலிருந்து எட்டடியில் என் கைக்குட்டையைக் கட்டினேன். அந்த முடிச்சு கம்பியைத் தொடும்போது விளக்கு ஜெயசுதனிடம் போயிருக்கும். தடி எந்தத் திசையில் போகவேண்டும் என்பதற்கு இரண்டு முளை அடித்து நூல் கட்டினேன்.

ஆறு ஐந்துக்கு மணி அடித்தது. பின்னால் நூற்றுக்கணக்கான விளக்குகள் எரிந்தன. பாலேஸ்வரியும் விளக்கைக் கொளுத்தி, நிலத்தில் முழந்தாளிட்டுத் தள்ளினார்.

“கொஞ்சம் இடப்பக்கம் அம்மா. சரி. நேரை விடுங்கோ.”

மூடி புல்லை உரசிக்கொண்டு போனது. சுடர் ஒரு தரம் படுத்து எழும்பியது. முடிச்சு கம்பியில் முட்டியது. அவர் தடியை உருவி எடுத்தார்.

காவல் நின்ற சிப்பாய் துவக்கோடு வந்தான். இருபத்திரண்டு வயது இருக்கலாம். “அம்மா, எடுங்க. இங்க வைக்க ஏலாது.”

“எனக்குக் கை எட்டாது தம்பி. உன்ரை காலடியிலைதானே கிடக்கு. விளக்கை அணைக்கிறதெண்டால் நீயே அணை. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்.”

அவன் விளக்கைப் பார்த்தான். திரும்பி முகாமைப் பார்த்தான். சப்பாத்துக் காலை ஒரு அடி முன்னால் வைத்தான். பாலேஸ்வரி கம்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மகனின் படத்தை மறு கையால் நெஞ்சோடு அணைத்து அவனையே பார்த்தார். கேதீஸ்வரன் அவருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு இன்னும் பத்துப் பேர். சிப்பாயின் கால் அதற்கு மேல் வரவில்லை.

என் கையில் பிறேமுக்கு வாங்கிய மெழுகுதிரி இன்னும் கொளுத்தாமல் இருந்தது. பாலேஸ்வரி கண்ணை எடுக்காமலே என்னிடம் சொன்னார்:

“நீ உன்ரை தம்பியிட்டைப் போ பிள்ளை. இவனை நான் பாத்துக்கொள்ளுறன்.”