தரைத்தொட்டித் தண்ணீர்

தம்ளர் கழுவச் சமையலறைக் குழாயடியில் கையை நீட்டிய அடுத்த வீட்டு டீச்சர், "ஐயோ!" என்று உதறினாள். தம்ளர் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"சுள்ளுன்னு ஏதோ கடிச்ச மாதிரி இருக்கு."

கூடத்தில் அண்ணன் உடலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தம்பி சட்டென்று நிமிர்ந்தான். அழுகைக்கும் மின்விசிறி இரைச்சலுக்கும் அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. வாசற்பக்கத் தரைத்தொட்டிக்குள் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் குழாயத் தொடாதீங்க! மீன் தொட்டிகிட்டயும் போகாதீங்க!"

ஓடிப்போய் மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தான். மின்விசிறி மெல்லச் சுழன்று நின்றது.

"இந்த நேரம் பாத்தா கரண்டு போகணும்?" என்றார் ஒரு பெரியவர்.

"நான்தான் நிறுத்தினேன்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. தம்பி லிஃப்ட் மெக்கானிக். கரண்டு சமாச்சாரத்தில் அவன் பேச்சுக்கு அந்தக் குடும்பத்தில் மறுபேச்சு கிடையாது.

அண்ணன் முப்பது வருடம் லாரி ஓட்டி ஓய்ந்தவர். பிள்ளைகள் இல்லை. கூடத்துச் சுவரை அடைத்துக்கொண்டு நிற்கும் கண்ணாடித் தொட்டியில் பதினொரு தங்கமீன்கள். "எனக்கு ஜுரம் வந்தா மூணாம் நாள்தான் கேப்பாரு. தொட்டியில அரை டிகிரி ஏறினா ராத்தூக்கம் கிடையாது" என்பாள் அண்ணி.

இந்தக் கோடையில் மாடித்தொட்டித் தண்ணீர் கொதித்தது. தரைத்தொட்டித் தண்ணீர்தான் குளுகுளுவென்றிருந்தது. அண்ணன் அதற்குள் ஒரு சின்ன மோட்டாரை இறக்கி, இரும்புக் குழாய் இழுத்து, மீன்தொட்டிக்கு அடியில் இருந்த ஃபில்டர் பெட்டியில் கொண்டுவந்து விட்டார். போகிற வழியில் சமையலறைக்கும் ஒரு கிளை. மீன்தொட்டி சூடேறினால் மோட்டார் தானாக ஓடும், ஆறினால் தானாக நிற்கும். ஆனால் ஓடிய ஐந்தாவது நிமிடமே, கரண்டு கசிந்தால் தானாக அணைக்கிற வீட்டின் டிரிப் சுவிட்ச் விழுந்தது. திரும்பத் திரும்ப விழுந்தது.

"மீனெல்லாம் வெந்துரும்டா. ஏதாவது பண்ணு" என்று போனில் கெஞ்சினார்.

தம்பி வந்து பார்த்தான். வேலைக்கு நேரமாகிவிட்டது. கரண்டு எங்கே கசிகிறது என்று தேட ஒரு முழுநாள் வேண்டும். டிரிப் சுவிட்சைத் தாண்டி, மோட்டாருக்கு நேராக ஒரு வயரை இழுத்து முறுக்கி டேப் சுற்றினான். "நாலு நாளைக்குத்தான். அப்புறம் ஒழுங்கா பண்ணிடலாம்." அது நடந்து ஒரு மாதம்.

போன சனிக்கிழமை அண்ணி கூப்பிட்டாள். "குழாயில லேசா சுள்ளுங்குதுப்பா. உங்கண்ணன் காதுலயே போட்டுக்க மாட்டேங்கிறாரு."

"நாளைக்கு வரேன் அண்ணி."

ஞாயிறு அசந்து தூங்கிவிட்டான். இன்று செவ்வாய்.

காலையில் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு கையும் இரும்புக் குழாயில் ஒரு கையுமாக அண்ணன் ஈரத்தரையில் சாய்ந்து கிடந்ததாக அண்ணி சொன்னாள். டாக்டர் வந்தார். அண்ணன் ஏற்கெனவே நெஞ்சுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். "ஹார்ட்தான். கஷ்டப்படாம போயிட்டாரு" என்றார். வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவரை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டபோது அண்ணியின் கை முழங்கை வரை நனைந்திருக்கிறது. அப்போது மோட்டார் ஓடவில்லை. அவ்வளவுதான். ஓடியிருந்தால் அவளும் போயிருப்பாள்.

மோட்டாரை மேலே இழுத்தான். வயரின் தோல் ஒரு விரல்நீளத்துக்கு வெடித்துச் செம்பு தெரிந்தது. பிறகு உள்ளே போய், தான் முறுக்கிய வயரை வெட்டினான். டேப்போடு இருந்த அந்தத் துண்டை எங்கே போடுவதென்று தெரியாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரும்பினான். அண்ணி பின்னால் நின்றிருந்தாள்.

"என்னப்பா அது?"

"ஒண்ணுமில்ல அண்ணி. பழைய வயரு."

அவள் அவன் சட்டைப்பையையே பார்த்தாள். கூடத்தில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

"அன்னைக்கு நான் லேசாதான் சொன்னேன், இல்ல?" என்றாள் மெதுவாக. "லேசான்னுதான் சொன்னேன். கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஓடி வந்திருப்ப."

அவன் வாயைத் திறந்தான். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"அண்ணி..."

"மீனெல்லாம் மேல வந்து வாயத் திறக்குது. அவரு போறதுக்குள்ள தண்ணி விட்டுடணும்."

தரைத்தொட்டியிலிருந்து அவன் ஒரு வாளி மொண்டு வந்து மீன்தொட்டியருகே வைத்தான். வண்டிக்காரர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அண்ணி சொம்போடு குனிந்தாள். தண்ணீருக்கு ஒரு சாண் மேலே அவள் கை நின்றுவிட்டது.

"தொடலாமாப்பா?"

அவன் மண்டியிட்டு இரண்டு கைகளையும் மணிக்கட்டு முழுகும்வரை வாளிக்குள் விட்டான். தண்ணீர் சில்லென்றிருந்தது. அண்ணி சொம்பை முக்கி, மொண்டு, ஊற்றினாள். மறுபடி மொண்டாள். அவன் கைகளை வெளியே எடுக்கவில்லை.